பிஞ்ச் ஈட்டிங் ஆப் ரிவ்யூ: பளபளன்னு இருக்கறது வேஸ்ட், போரடிக்கறதுதான் வேலை செய்யுது

ஆப்போட பேரை இங்க போடல. கீழ நாலு எடத்துல திட்டியிருக்கேன், அதுவும் இல்லாம இந்த ரகத்துல வர்ற ஆப் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான், ஒண்ணை பத்தி சொன்னா மத்ததுக்கும் முக்காவாசி பொருந்தும். ரகம் என்னன்னா, இது கலோரி எண்ற ஆப் இல்ல, டயட் சார்ட் குடுக்கற ஆப்பும் இல்ல. கன்ட்ரோல் இல்லாம அளவுக்கு மீறி சாப்பிடற பிஞ்ச் ஈட்டிங் பிரச்சனைக்கு, நெனப்பையும் பழக்கத்தையும் மாத்தற சிபிடின்னு சொல்ற சைக்காலஜி ட்ரீட்மென்ட்டை பாடம் பாடமா பிரிச்சு போன்ல போட்டிருக்காங்க, 16 வாரம் நாமளே படிச்சு நாமளே செய்யணும், நடுநடுவுல ஒரு கோச் கால்ல வந்து 20 நிமிஷம் பேசுவாங்க. கைடட் செல்ஃப் ஹெல்ப்னு இதுக்கு பேரு. ப்ரீ வெர்ஷன்ல ஆரம்பிச்சு, அப்பறம் காசு கட்டி கோச் பிளான் எடுத்து, முழு கோர்ஸும் முடிச்சுட்டுதான் எழுதறேன்.

"எடுக்கலாமா வேணாமா அத மட்டும் சொல்லு"ன்னு கேக்கறவங்களுக்கு: கோச் இருக்கற பிளான் எடுங்க, கோச் இல்லாத பிரீமியம் தண்டம், ப்ரீ வெர்ஷன் சில பேருக்கு கெடுதலாவே முடியும். இனிமே வர்றதெல்லாம் ஏன்னு கேக்கறவங்களுக்கு.

மொதல்ல இது யாருக்கு. ஒரு விருந்துல கொஞ்சம் ஓவரா சாப்ட்டுட்டு "நேத்து பிஞ்ச் பண்ணிட்டேன்டா"ன்னு எல்லாரும்தான் சொல்றோம், அது இல்ல இது. டாக்டருங்க பாக்கற பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்ங்கறது, ஒரு ரெண்டு மணி நேரத்துக்குள்ள மத்தவங்க சாப்பிடறதவிட ரொம்ப அதிகமா சாப்பிடறது, சாப்பிடும்போது நிறுத்த முடியலங்கற உணர்ச்சி, வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூணு மாசமா நடந்துட்டு இருக்கணும். கூடவே வேகவேகமா முழுங்கறது, வயிறு வலிக்கற வரைக்கும் சாப்பிடறது, பசியே இல்லாம சாப்பிடறது, வெக்கப்பட்டு தனியா சாப்பிடறது, முடிஞ்சதும் தன் மேலயே அருவருப்பு, இதுல கொறஞ்சது மூணு இருக்கணும். டிஎஸ்எம்னு அமெரிக்க மனநல டாக்டருங்க போடற நோய் பட்டியல் புக் ஒண்ணு இருக்கு, 2013-ல வந்த அதோட அஞ்சாவது பதிப்புலதான் இத தனி நோயாவே சேத்தாங்க, அதுக்கு முன்னாடி பதிப்புல பின்னிணைப்புல போட்டு வெச்சிருந்தாங்க. அதாவது அது வரைக்கும் ஒருத்தர் டாக்டர்கிட்ட போய் இத சொன்னா "வாயைக் கட்டுங்க"ன்னு சொல்லி அனுப்பறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். இப்பவும் பாதி பேர் அதத்தான் சொல்றாங்க, அது வேற கதை.

ஆப்போட முதல் நல்ல விஷயம் சைன் அப் பண்ணும்போதே வருது. சாப்ட்டப்பறம் வாந்தி எடுக்கறீங்களா, பேதி மாத்திரை போடறீங்களா, சுகருக்கு இன்சுலின் போடறீங்களா, உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா, எடை ரொம்ப கம்மியா இருக்கான்னு வரிசையா கேக்குது. எதுக்காவது ஆமான்னு போட்டா உள்ள விடாது, மொதல்ல டாக்டரை பாருங்கன்னு நிறுத்திடும். எரிச்சலா இருக்கலாம், ஆனா அதுதான் சரி. என்ன மருந்து சாப்பிடறீங்கன்னும் கேக்குது, ஏன்னா ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மாத்திரை எல்லாம் பசிய கன்னாபின்னான்னு ஏத்தி விடும், அந்த கேஸ்ல மனசை குடைஞ்சுட்டு இருக்கறதவிட மாத்திரை எழுதி குடுத்தவர்கிட்ட பேசறதுதான் வழி. நாமளா நிறுத்தவும் கூடாது.

இப்ப மெயின் மேட்டர், ரெக்கார்டு. முதல் ரெண்டு வாரம் இது ஒண்ணுதான். ஸ்க்ரீனை திறந்தா அஞ்சு கட்டம்: மணி, என்ன சாப்ட்டீங்க, எங்க, ஒரு ஸ்டார் பட்டன், கடைசியா ஒரு குறிப்பு. கலோரி போடற எடமே கிடையாது, கிராம் கிடையாது, "ரெண்டு பாக்கெட் பிஸ்கட்"னு சாதாரணமா டைப் பண்ணா போதும். அந்த ஸ்டார் எதுக்குன்னா, இது ஓவரா போச்சுன்னு நமக்கே தோணினா தட்டணும், அளவு நெஜமாவே ஓவரா இல்லியாங்கறது விஷயமே இல்ல. முக்கியமான கண்டிஷன், சாப்ட்ட உடனே போடணும், ராத்திரி படுக்கும்போது மொத்தமா நெனச்சு நெனச்சு போடக்கூடாது. உடனே போடலன்னா ஆப் அந்த என்ட்ரிய சாம்பல் கலர்ல காட்டும், திட்டாது, வெறும் கலர்தான். இந்த எடத்துல டிசைன் பண்ணவங்களுக்கு ஒரு சபாஷ்.

என்னோட ரெக்கார்டுல ஸ்டார் விழுந்த வரிய வரிசையா பாத்தா ஒரே மாதிரி இருந்துச்சு. மணி 11-ஐ ஒட்டி, எடம் "கிச்சன், நின்னுக்கிட்டே", குறிப்புல "தெரியல", "சும்மா", "தெரியல". ஒரு நாள் மட்டும் "ஃப்ரிட்ஜ் கதவு திறந்து வெச்சதுல பீப் பீப்னு கத்துது, அப்பவும் மூடல"ன்னு எழுதியிருக்கேன். இத வெச்சுக்கிட்டு நானா எதுவும் கண்டுபிடிக்கல. எனக்கு தெரிஞ்சதெல்லாம் ராத்திரி ஆனா நான் வேற ஆளா மாறிடறேங்கறது மட்டும்தான்.

கோச் முதல் கால்லயே கண்டுபிடிச்சாங்க. "நீங்க ராத்திரி என்ன சாப்ட்டீங்கன்னு நான் பாக்கல, மத்தியானம் 1 மணிக்கு அப்பறம் அடுத்த வரி எத்தன மணிக்கு இருக்கு பாருங்க"ன்னாங்க. பாத்தா 9.30. எல்லா நாளும் கிட்டத்தட்ட அப்படித்தான். "மேடம், எட்டரை மணி நேரம் ஒண்ணுமே உள்ள போகல, அப்பறம் 11 மணிக்கு கன்ட்ரோல் இல்லன்னு உங்களையே திட்டிக்கறீங்க. உங்க 11 மணி பிரச்சனை சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பிக்குது." அவ்ளோதான். இந்த ஒரு வாக்கியத்துக்கே கட்டின காசு சரியா போச்சுன்னு சொல்லுவேன். பசி வந்தா பத்தும் பறக்கும்னு நாம சின்ன வயசுல இருந்து கேட்டுட்டுதான் இருக்கோம், ஆனா கூடவே சுயக்கட்டுப்பாடும் பறக்கும்னு யாரும் சொல்லி குடுக்கல.

அடுத்த கட்டம் அதுக்கான மருந்து, அதுவும் படு போர். ஒரு நாளைக்கு மூணு சாப்பாடு, நடுவுல ரெண்டு மூணு ஸ்நாக்ஸ், எந்த ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடக்கூடாது. பசிச்சாலும் சரி பசிக்கலன்னாலும் சரி மணி அடிச்சா சாப்பிடணும், முந்தின ராத்திரி பிஞ்ச் ஆகியிருந்தாலும் மறுநாள் காலை சாப்பாட்டை கட் பண்ணவே கூடாது. என்ன சாப்பிடணும்னு ஆப் சொல்லாது, எப்ப சாப்பிடணும்னு மட்டும்தான். கேக்கறப்ப "ஏற்கனவே ஓவரா சாப்பிடறேன்னு வந்தா இன்னும் ரெண்டு வேளை சேத்து சாப்பிட சொல்றான்"னு கடுப்பு வரும், வந்துச்சு. இந்த எடத்துல நெறய பேர் அன்இன்ஸ்டால் பண்ணிடுவாங்கன்னு கோச்சே சொன்னாங்க.

ஏன் இப்படின்னு விளக்கற பாடம் நல்லா எழுதியிருக்காங்க, அதுல வர்ற மினசோட்டா பரிசோதனைய மட்டும் சொல்றேன். 1944 கடைசில அமெரிக்கால ஆரம்பிச்ச இந்த பரிசோதனைல ஆன்சல் கீஸ்ங்கற விஞ்ஞானி, நல்ல ஆரோக்கியமான 36 ஆம்பளைங்கள, அவங்க சம்மதத்தோட, 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். ஒரு நாளைக்கு சராசரியா 1,600 கலோரிக்கு கிட்ட, கூடவே தெனமும் நடக்கவும் விட்டாங்க. உடம்புல கால்வாசி எடை போச்சு. அது ஆச்சரியம் இல்ல. இவங்களுக்கு அதுக்கு முன்னாடி சாப்பாட்டு பிரச்சனையே கிடையாது, ஆனா பட்டினி போடப்போட நாள் பூரா சாப்பாட்டு நெனப்பாவே ஆயிட்டாங்க, சமையல் புக்கா வாங்கி சேத்தவங்க இருக்காங்க, பட்டினி முடிஞ்சு சாப்பாடு திரும்ப குடுத்தப்ப வயிறு முட்ட சாப்ட்டும் பசி அடங்கலன்னு சொன்னவங்க இருக்காங்க. அதாவது மனசு பலவீனம் இல்ல, பட்டினி போட்டா மனுஷ உடம்பு பண்ற வேலை அது. இதுல எனக்கு சிரிப்பு வந்த விஷயம், இன்னிக்கு எத்தனையோ டயட் ஆப் அந்த 1,600-ஐ விட கம்மியா டார்கெட் போட்டு, நாம அத தாண்டினா செவப்பு கோடு போடுது.

மணிக்கணக்கு சாப்பாடு செட் ஆக கொஞ்ச வாரம் ஆச்சு, ஆனதுக்கப்பறம் ராத்திரி வர்ற வெறி பாதிக்கு மேல கொறஞ்சுது. மீதி இருந்தது நெஜமான கிரேவிங். அதாவது வயிறு நெறஞ்சிருக்கு, ஆனா சாக்லேட் கேக்குது. சாக்லேட்டேதான், வேற எது குடுத்தாலும் வேணாம். பசிக்கும் கிரேவிங்குக்கும் ஆப் சொல்ற வித்தியாசம் இதுதான், பசின்னா எது கிடைச்சாலும் போதும்னு இருக்கும், கிரேவிங் ஒரே ஒரு பொருளை புடிச்சுக்கிட்டு நிக்கும். நூத்துக்கு நூறு சரின்னு சொல்ல மாட்டேன், ரொம்ப பசிச்சா எனக்கு ரெண்டும் கலந்துதான் வருது. ஆனா யூஸ்ஃபுல்.

இதுக்கு ஆப்ல ரெண்டு டூல் இருக்கு. ஒண்ணு டைமர். பட்டனை தட்டினா "இப்ப ஆசை எவ்ளோ, பத்துக்கு மார்க் போடுங்க"ன்னு கேட்டுட்டு ஒரு குரல் பேச ஆரம்பிக்கும், ஆசை உடம்புல எங்க தெரியுது, வாயிலயா தொண்டையிலயா நெஞ்சுலயா, அத எதுத்து சண்டை போடாம சும்மா கவனிங்கன்னு. அலன் மார்லட்னு ஒரு சைக்காலஜிஸ்ட் குடி, சிகரெட் விடறவங்களுக்காக கொண்டு வந்த முறை இது. ஆசை ஏறிட்டே போகாது, ஒரு உச்சிக்கு போயிட்டு தானா எறங்கும், எறங்கற வரைக்கும் கூடவே இருந்தா போதும்ங்கறதுதான் ஐடியா. எனக்கு இது வேலை செஞ்சுது, ஒரு கண்டிஷனோட: அன்னிக்கு மத்த வேளை எல்லாம் ஒழுங்கா சாப்ட்டிருக்கணும். வெறும் வயித்துல டைமர் போட்டு உக்காந்தா அது தியானம் இல்ல, சித்திரவதை.

ரெண்டாவது டூல் ஒரு குட்டி கேம், மேல இருந்து கட்டை விழும், அடுக்கணும், டெட்ரிஸ் வகை. டைம் பாஸுக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சு முதல்ல கண்டுக்கல. ஆனா இதுக்கு பின்னாடி விஷயம் இருக்கு. கிரேவிங் பெரும்பாலும் மனசுக்குள்ள படமாதான் வருது, அந்த பொருள் எப்படி இருக்கும், வாயில வெச்சா எப்படி கரையும்னு. கட்டை அடுக்கற கேமும் மூளைல அதே படம் பாக்கற எடத்தை புடிச்சுக்கும், ரெண்டுக்கும் ஒரே நேரத்துல எடம் பத்தாது. இங்கிலாந்துல பிளைமவுத் யுனிவர்சிட்டில மூணு நிமிஷம் டெட்ரிஸ் ஆட விட்டு பாத்ததுல ஆசையோட வேகம் கொறஞ்சிருக்கு. எனக்கும் கொறஞ்சுது. இதுக்காக இந்த ஆப் வாங்கணும்னு அவசியம் இல்ல, அந்த மாதிரி கேம் எந்த போன்லயும் இலவசமா கிடைக்கும்.

சரி, இப்ப திட்டு.

ஸ்ட்ரீக். எந்த புண்ணியவான் ஐடியாவோ தெரியல, முகப்புல பெருசா "பிஞ்ச் இல்லாத நாட்கள்"னு ஒரு நம்பர் ஓடுது, ஸ்டார் ஒண்ணு விழுந்தா அது பூஜ்யத்துக்கு போயிடும், போகும்போது ஒரு சோக மூஞ்சி பொம்மை வேற. பாடத்துல ஒரு பக்கம் "ஒரு சறுக்கல் விழுந்தா எல்லாம் போச்சுன்னு நெனைக்காதீங்க, அந்த நெனப்புதான் அடுத்த பிஞ்சுக்கு காரணம்"னு பக்கம் பக்கமா எழுதிட்டு, முகப்புல எல்லாம் போச்சுன்னு படம் போட்டு காட்டறாங்க. பாடத்துலயே வர்ற 1975 மில்க் ஷேக் பரிசோதனைய இவங்களே படிக்கலையோ என்னமோ. அதுல காலேஜ் பொண்ணுங்களுக்கு மொதல்ல மில்க் ஷேக் குடுத்துட்டு அப்பறம் ஐஸ்க்ரீம் ருசி பாருங்கன்னு விட்டாங்க. சாதாரணமா சாப்பிடறவங்க மில்க் ஷேக் குடிச்சதால ஐஸ்க்ரீம் கம்மியா சாப்ட்டாங்க, டயட்ல இருந்தவங்க குடிச்சப்பறம் அதிகமா சாப்ட்டாங்க, ஏன்னா "இன்னிக்கு டயட் போச்சு, இனிமே என்ன இருக்கு"ங்கற கணக்கு. ஸ்ட்ரீக் பூஜ்யமாகறதும் அதே கணக்கைத்தான் தூண்டி விடுது. செட்டிங்ல போய் மறைக்க முடியும், ஆனா மூணு மெனு உள்ள போகணும், ப்ரீ வெர்ஷன்ல மறைக்கவே முடியாது.

ப்ரீ வெர்ஷன் கெடுதல்னு சொன்னதுக்கு அது ஒரு காரணம், அடுத்தது விளம்பரம். ராத்திரி 10.40-க்கு கிரேவிங் டைமர் முடிஞ்சதும் முழு ஸ்க்ரீன்ல உருகி வழியற சீஸ் விளம்பரம் வந்துச்சு. நான் அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சப்போர்ட்டுக்கு அனுப்பினேன், "விளம்பரங்கள் தானாகவே தேர்வு செய்யப்படுகின்றன, பிரீமியம் எடுத்தால் வராது"ன்னு பதில். இதுக்கு மேல என்ன சொல்ல.

எடை கிராஃப். தெனமும் எடை போட சொல்லி நோட்டிஃபிகேஷன் வருது, பாடத்துல வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல போடாதீங்கன்னு இருக்கு. கோச்கிட்ட கேட்டா "அது மார்க்கெட்டிங் டீம் வெச்சது, ஆஃப் பண்ணிடுங்க"ன்னு நேராவே சொல்லிட்டாங்க, அந்த நேர்மை புடிச்சுது. எடை கொறைய இத எடுக்கறவங்களுக்கு தெளிவா சொல்லிடறேன், கொறையாது, கொறஞ்சா அது போனஸ். பிரிட்டன்ல நைஸ்னு ஒரு அமைப்பு டாக்டருங்களுக்கு ட்ரீட்மென்ட் வழிகாட்டி போடுது, 2017-ல அவங்க போட்டதுல பெரியவங்களோட பிஞ்ச் ஈட்டிங்குக்கு முதல்ல இந்த கைடட் செல்ஃப் ஹெல்ப்பைத்தான் குடுக்க சொல்றாங்க, அதே எடத்துல இதனால எடைல பெருசா மாத்தம் வராது, எடை கொறைக்கறது இந்த ட்ரீட்மென்ட்டோட நோக்கமே இல்லன்னும் நோயாளிகிட்ட சொல்லிடணும்னு இருக்கு. ஆப்போட விளம்பரத்துல மட்டும் ஒல்லியான பொண்ணு லூசான பேன்ட்டை புடிச்சுக்கிட்டு நிக்குது.

கோச் பத்தியும் அந்த வழிகாட்டிய வெச்சே சொல்லலாம். அதுல நாலுல இருந்து ஒம்போது தடவை, ஒவ்வொண்ணும் 20 நிமிஷம், 16 வாரத்துக்குள்ள, ஆரம்பத்துல வாராவாரம்னு போட்டிருக்காங்க. இந்த ஆப்போட கோச் பிளான் அத அப்படியே எடுத்திருக்கு. 20 நிமிஷம் ரொம்ப கம்மின்னு முதல்ல தோணும், ஆனா அவங்க நம்ம சின்ன வயசு கதை எல்லாம் கேக்க மாட்டாங்க, ரெக்கார்டை திறந்து வெச்சுக்கிட்டு கணக்குப்பிள்ளை மாதிரி வரிவரியா போவாங்க, அதுக்கு 20 நிமிஷம் தாராளம். மனசு விட்டு அழணும்னு போறவங்களுக்கு இது ஏமாத்தமா இருக்கும். நடுவுல ஒரு கோச் மாறிட்டாங்க, புதுசா வந்தவங்க பழைய ரெக்கார்டை படிக்காமயே வந்து முதல்ல இருந்து கேட்டாங்க, அந்த ஒரு கால் வீண்.

பிரீமியம் மட்டும் எடுத்து கோச் வேணாம்னா, உங்களுக்கு கிடைக்கறது விளம்பரம் இல்லாத ஆப், ரெக்கார்டை பாத்து தானா வர்ற "இந்த வாரம் நல்லா பண்ணிருக்கீங்க!" மெசேஜ், நாலஞ்சு தீம் கலர். என் ரெக்கார்டுல இருந்த அந்த எட்டரை மணி நேர ஓட்டைய அந்த தானியங்கி மெசேஜ் ஒரு தடவ கூட சொல்லல. மாறா "ராத்திரி சாப்பிடறதை தவிர்க்க முயற்சி பண்ணுங்க"ன்னு டிப்ஸ் குடுத்துச்சு. தலைல அடிச்சுக்கிட்டேன்.

பாடங்கள்ல கடைசி பகுதி, தடை போட்டு வெச்ச சாப்பாட்டை திரும்ப கொண்டு வர்றது, இது கோச் இல்லாம பண்ணவே பண்ணாதீங்க. "இத தொட்டா நிறுத்த முடியாது"ன்னு நாம ஒதுக்கி வெச்சிருக்கற பொருளை எல்லாம் லிஸ்ட் போட்டு, பயம் கம்மியா இருக்கறதுல இருந்து ஆரம்பிச்சு, நல்லா இருக்கற நாள்ல, சாப்ட்டு முடிச்ச வயித்தோட, ஒரு சாதாரண அளவு எடுத்து உக்காந்து சாப்பிடணும். என் லிஸ்ட்ல கடைசில இருந்தது சிப்ஸ். பாக்கெட்டோட இல்லாம தட்டுல கொட்டி, டேபிள்ல உக்காந்து, போனை தள்ளி வெச்சுட்டு சாப்ட்டேன், பாதில "இது இவ்ளோ உப்பா இருக்கும்னு தெரியாதே"ன்னு தோணுச்சு, ஏன்னா அத ருசி பாத்து சாப்ட்டதே இல்ல. அதுக்காக இப்ப சிப்ஸ் மேல ஆசை போயிடுச்சுன்னு இல்ல. பாக்கெட் வீட்ல இருந்தா தூக்கம் வராம இருந்த நெலமை போச்சு, அது போதும்.

ஆப்ல இல்லாதது ரெண்டு. ஒண்ணு தூக்கம், ஒரே ஒரு பத்தில முடிச்சுட்டாங்க. 2004-ல பன்னண்டு இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டு பாத்ததுல, பசிய தூண்டற கிரெலின் 28 சதவீதம் ஏறியிருக்கு, போதும்னு சொல்ற லெப்டின் 18 சதவீதம் எறங்கியிருக்கு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா என் ஸ்டார் விழுந்த நாளுக்கும் முந்தின ராத்திரி தூக்கத்துக்கும் இருக்கற தொடர்பு என் ரெக்கார்டுலயே தெரியுது, தூக்கத்துக்கு ஒரு கட்டம் வெச்சிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நான் குறிப்பு கட்டத்துல கையால போட்டுக்கிட்டேன்.

இன்னொண்ணு மாத்திரை பத்தின பேச்சு. லிஸ்டெக்சாம்ஃபெட்டமைன்னு ஒரு மருந்துக்கு 2015-ல அமெரிக்கால பெரியவங்களோட பிஞ்ச் ஈட்டிங்குக்கு அனுமதி குடுத்திருக்காங்க, பழக்கமாயிடற ஆபத்து இருக்கற மருந்து, டாக்டர் பாத்துதான் குடுக்கணும், எல்லாருக்கும் இல்ல. ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னாவது, இந்த கோர்ஸ் வேலை செய்யலன்னா அடுத்த வாசல் எதுன்னாவது சொல்லணுமில்ல? நைஸ் வழிகாட்டில நாலு வாரத்துல பலன் இல்லன்னா குரூப் தெரபிக்கு போகலாம்னு இருக்கு. ஆப் என்ன சொல்லுதுன்னா "கோர்ஸை மறுபடி வாங்குங்க, 20 சதவீதம் தள்ளுபடி."

மார்க் போடணும்னா ரெக்கார்டுக்கும் மணிக்கணக்கு சாப்பாட்டு பாடத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு, கோச்சுக்கு நாலு, டைமருக்கு நாலு, ஸ்ட்ரீக்குக்கும் எடை கிராஃபுக்கும் பூஜ்யம், சப்போர்ட்டுக்கு ஒண்ணு. காசே கட்ட முடியாதவங்க ஒரு நோட்டு வாங்கி அதே அஞ்சு கட்டத்தை கோடு போட்டு எழுதிட்டு, வாரத்துக்கு ஒரு தடவ நம்பகமான யார்கிட்டயாவது காட்டுங்க, திட்டாத ஆளா இருக்கணும், ஸ்டார் இருக்கற வரிய பாக்காம அதுக்கு மேல இருக்கற வரிகள பாக்க சொல்லுங்க.

வாங்கறவங்களுக்கு ரெண்டு டிப்ஸ். முதல் நாளே நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு சாப்பாட்டு நேர அலாரம் மட்டும் விட்டு வைங்க. அப்பறம் சந்தா முடியறதுக்கு முன்னாடி ரெக்கார்டை பிடிஎஃப்பா எறக்கிடுங்க, முடிஞ்ச மறுநாள் பூட்டிடறாங்க, அக்கவுன்ட்டை டெலீட் பண்ண சொல்லி தனியா மெயில் போட்டாதான் சர்வர்ல இருந்தும் அழிக்கறாங்க. நான் போட்ட மெயிலுக்கு இன்னும் "பரிசீலனையில் உள்ளது"ன்னுதான் இருக்கு, அழிச்சாங்கன்னா இங்கயே அப்டேட் பண்றேன்.